தூக்கினாலும் அதற்குப் பெயர் இன்ஜின் இறக்குவதுதான்

கிளட்ச்சை மிதித்தால் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி (இன்ஜினுக்குள் சுழலும் பெரிய தண்டான கிராங்க்கின் முனையில் இருக்கும் சக்கரம்) நகர்ந்தது. சுற்றவில்லை, நகர்ந்தது. இன்ஜின் ஓடவே இல்லை. மச்சான் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை அழுத்த, நான் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தியதும் புல்லி ரேடியேட்டர் பக்கம் வந்தது, காலை எடுக்கச் சொல்லிவிட்டு ஒரு மரக்கட்டையால் தள்ளினேன், டொக் என்று பின்னால் போனது. இந்த வண்டியில் அந்த ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும், அளக்க ஃபீலர் கேஜ் தேவைப்படும். எனக்குக் கண்ணாடி போடாமலே தெரிந்தது.

வண்டி அப்பாவுடையது, 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு. பிரிட்டனில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாக வந்த வண்டிதான் இது, வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜோவான்னி மிக்கெலோட்டி. இங்கே மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதை வண்டலூர் தொழிற்சாலையில் செய்தார்கள், நாலு கதவு வைத்தது நம் ஊர்க்காரர்கள். நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரம், ஆகவே வண்டி பிறந்த இடம் பஸ்ஸில் போகிற தூரம்தான். 948 சிசி இன்ஜின். இந்த இன்ஜின் குடும்பத்துக்கே ஒரு பலவீனம் உண்டு: கிராங்க் முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்து வைக்கிற திரஸ்ட் வாஷர் என்பது இரண்டு அரைவட்டத் துண்டுகள், அவ்வளவுதான். தேய்ந்துகொண்டே போய் ஒரு நாள் இருந்த இடத்திலிருந்து சுழன்று சம்ப்புக்குள், அதாவது இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தகரத் தொட்டிக்குள், விழுந்துவிடும். சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே நிற்கிற பழக்கம் இருந்தால் சீக்கிரம் விழும். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை, எனக்கு இருந்தது.

திரஸ்ட் வாஷர் மாற்ற இன்ஜினை இறக்க வேண்டியதில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாராவது இதைப் படித்துவிட்டு நேராகச் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் சாமான்) தேடிப் போய்விடக் கூடாது. சம்ப்பைக் கழற்றி, கிராங்கைத் தாங்கும் பின்பக்க மெயின் பேரிங் மூடியை எடுத்துவிட்டு, அடியிலிருந்தே புது வாஷரை நுழைத்துவிடலாம். நாங்களும் அந்த நினைப்பில்தான் சம்ப்பைக் கழற்றினோம். ஒரு வாஷர் சம்ப்பில் எண்ணெய்ச் சேற்றில் கிடந்தது. அது எவ்வளவு நாளாகக் கிடந்ததோ, கிராங்க் நேரடியாக இன்ஜினின் உடலான பிளாக்கோடு உரசி இரண்டு பக்கமும் கீறல் விழுந்திருந்தது. எங்கள் பகுதியில் நாற்பது வருஷமாக ஹெரால்டு பார்த்த ஒரு பாய் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், இப்போது கடை கிடையாது. அவரைக் கூட்டி வந்து காட்டினேன். டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இறக்கிடு” என்றார்.

தூக்கி வெளியே எடுக்கிற வேலைக்கு நம் மெக்கானிக்குகள் ஏன் இறக்குவது என்று பெயர் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் கடைசியில் யோசித்தால் சரியான பெயர்தான். தூக்குவது சுலபம். தரையில் பத்திரமாக இறக்கி வைக்கிற வரைக்கும்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இது இந்த வண்டிக்கு இரண்டாவது முறை. முதல் முறை பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஒர்க்‌ஷாப்பில். இன்ஜினைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவே சவுக்குக் கழி ஒன்றைச் செருகி, இந்தப் பக்கம் இரண்டு பேர் அந்தப் பக்கம் இரண்டு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள், கல்யாண வீட்டில் அண்டாவைத் தூக்குகிற மாதிரி. இன்ஜின் மட்டுமே நூற்றுச் சொச்சம் கிலோ. எடுக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்ப வைக்கும்போதுதான், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச்சுக்குள் பாதி நுழைந்த நிலையில் ஒருவருக்குக் கை வழுக்கி, மொத்தப் பாரமும் அந்த ஷாஃப்ட்டின் மேலும் கிளட்ச் பிளேட்டின் மேலும் உட்கார்ந்தது. ஒரு நிமிடம் இருக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி வந்த பிறகு முதல் கியரில் எடுக்கும்போதெல்லாம் முன்பக்கம் உதறியது. கேட்டதற்கு, புது பிளேட், செட் ஆக ரெண்டு மாசம் ஆகும் என்றார்கள். பன்னிரண்டு வருஷம் ஆகியும் செட் ஆகவில்லை.

அதனால் இந்த முறை வீட்டிலேயே, பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்ல, நானும் மச்சானும் செய்வது என்று முடிவு.

முதல் கேள்வி எதில் தொங்கவிடுவது. போர்ட்டிகோ ஸ்லாப்பில் ஃபேன் மாட்ட ஒரு கொக்கி இருக்கிறது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் என் பார்வையைப் பார்த்தே புரிந்துகொண்டார். அந்தக் கொக்கி ஃபேனுக்குப் போட்டது, ஸ்லாப் வீட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது, அதில் நூற்றுச் சொச்சம் கிலோவை ஆடவிட்டால் இன்ஜினோடு ஸ்லாப்பும் இறங்கும் என்றார், நானே இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் இதை இன்னொருவர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வேப்ப மரம் இருக்கிறது, ஆனால் வேப்பங்கிளை எப்போது முறியும் என்று அதற்கே தெரியாது. சக்கரம் வைத்த இன்ஜின் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும், நல்ல சாமான்தான், சமமான சிமென்ட் தரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அதன் கையை வெளியே இழுக்க இழுக்க அது தாங்குகிற எடை குறைந்துகொண்டே போகும், ஒவ்வொரு துளைக்கும் நேரே எத்தனை கிலோ என்று எழுதியிருப்பார்கள், பெரிய எழுத்தில் இருக்கிற ஒரு டன் என்பது கை முழுக்க உள்ளே இருக்கும்போது மட்டும். எங்கள் வீட்டு வாசலில் பேவர் பிளாக், அதுவும் மழைக்கு அங்கங்கே உட்கார்ந்துபோனது. சின்ன இரும்புச் சக்கரம் ஒரு பள்ளத்தில் மாட்டினால், மேலே தொங்குகிற பாரம் முன்னால் போய் கிரேனையே கவிழ்த்துவிடும்.

வழி காட்டியது தெருமுனையில் போர் மோட்டார் வேலை பார்க்கிறவர்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரையும் குழாயையும் மேலே இழுக்க அவர்கள் வைத்திருக்கும் இரும்பு முக்காலி, அதன் உச்சியில் ஒரு டன் செயின் பிளாக். இன்ஜினைவிடப் பாரமான வேலையெல்லாம் பார்த்த சாமான். நாலு நாளைக்குக் கேட்டேன், கொடுத்தார்கள்.

முக்காலியில் ஒரு சௌகரியம், ஒரு தொல்லை. அது நகராது. ஆகவே இன்ஜினை வெளியே கொண்டுபோக முடியாது, இன்ஜின் நின்ற இடத்திலேயே தொங்க, வண்டியைத்தான் பின்னால் தள்ள வேண்டும். இரண்டு கால்கள் வண்டியின் இரு பக்கமும், மூன்றாவது கால் வண்டிக்கு முன்னால், எல்லாம் நல்ல அகலத்தில். கால் எவ்வளவு அகலமோ அவ்வளவு வழுக்கும், பாரம் ஏறும்போது மூன்று கால்களும் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும், அதனால் மூன்றையும் அடியில் செயினால் சுற்றிக் கட்டினோம். வண்டி பின்னால் போகும்போது அந்தச் செயினில் முன்சக்கரம் ஏதும் ஏறாதபடி, செயின் தரையோடு கிடக்கும் பாதையை முன்கூட்டியே ஒரு தடவை நடந்து பார்த்துக்கொண்டோம். பாரமில்லாமல் ஒத்திகை மாதிரி வண்டியையும் ஒருமுறை தள்ளிப் பார்த்தோம். அதில்தான் ஹேண்ட்பிரேக் வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது.

கியர்பாக்ஸோடு சேர்த்து இறக்குவதா, இன்ஜினை மட்டுமா என்பது அடுத்தது. சேர்த்து எடுத்தால் அந்த ஷாஃப்ட் தொல்லையே இல்லை, வெளியில் வைத்து நிதானமாகப் பிரிக்கலாம். ஆனால் நீளம் அதிகம், மூக்கை மேலே தூக்கிச் செங்குத்தாகச் சாய்த்து எடுக்க வேண்டும், முக்காலிக்கு உயரம் போதாது. தவிர இன்ஜினை மட்டும் எடுத்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடாமீட்டர் கேபிள், கியர் லீவர், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் எதையும் தொட வேண்டாம், எல்லாம் கியர்பாக்ஸோடு இருக்கும் இடத்திலேயே இருக்கும். நான் இன்ஜின் மட்டும் என்று முடிவு செய்தேன். முன்பு பட்டது மறக்கவில்லை, அதற்காகவே ஷாஃப்ட் விஷயத்தில் மட்டும் பொறுமை காட்டுவது என்றும்.

முதல் ஞாயிறு முழுக்கக் கழற்றுவதிலேயே போனது. பாட்டரியில் முதலில் எர்த் ஒயர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், ஆகவே மைனஸ் முதலில் என்று மனப்பாடம் செய்யாதீர்கள், எந்த ஒயர் பாடிக்குப் போகிறதோ அது முதலில். காரணம் எளிது: மற்றதை முதலில் கழற்றும்போது ஸ்பானர் பாடியைத் தொட்டால் பொறி பறக்கும், பக்கத்திலேயே பெட்ரோல். கழற்றிய பாட்டரியை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். பெட்ரோல் குழாயைப் பம்ப்பில் கழற்றியதும் ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போட்டு அடைக்க வேண்டும், டேங்க் பின்னால் டிக்கியில் உயரத்தில் இருப்பதால் தானாகவே வடிந்துகொண்டிருக்கும். நான் துணியைத் திணித்தேன், அரை மணி நேரத்தில் துணி நனைந்து தரையில் குட்டை. அன்றைக்குப் பக்கத்து வீட்டு மாமா பீடியோடு எட்டிப் பார்க்க வந்தார், அவரை வாசலிலேயே நிறுத்தினேன், கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

ஹெரால்டில் பானெட் என்பது வெறும் மூடி அல்ல. இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். அதைக் கழற்றிவிட்டால் முன்சக்கரம், சேசிஸ், இன்ஜின் மட்டும்தான், சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம், வேறு வண்டிகளில் இந்தச் சுகம் அபூர்வம். கழற்ற இரண்டு பேர் வேண்டும், பழைய மெத்தையில் சாய்த்து வையுங்கள். லைட் ஒயர்களைப் பிரிக்கும் முன் போட்டோ எடுத்தேன், ஆனால் போட்டோவைவிடக் கைகொடுத்தது பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் ஒயர் நிற வரிசை: எர்த்துக்குப் போவது கறுப்பு, பார்க்கிங் லைட் சிவப்பு, ஹெட்லைட் பிரைட் நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம் நீலத்தில் சிவப்புக் கோடு, இடது இண்டிகேட்டர் பச்சையில் சிவப்புக் கோடு, வலது பச்சையில் வெள்ளைக் கோடு. ஐம்பது வருஷ அழுக்கில் எல்லாமே பழுப்பாகத்தான் தெரியும், டீசல் தொட்ட துணியால் இரண்டு அங்குலம் துடைத்தால் நிறம் வெளியே வரும். நடுவில் எந்த எலெக்ட்ரீஷியனும் கை வைக்காமல் இருந்திருந்தால்தான் இதெல்லாம். என் வண்டியில் இடது இண்டிகேட்டருக்கு வீட்டு வயரிங் மஞ்சள் ஒயர் போயிருந்தது.

ஸ்பானர் பற்றி ஒரு புலம்பல். இந்த வண்டி முழுக்க இன்ச் நட்டுகள், 7/16, 1/2, 9/16 இந்த மூன்று ஸ்பானர் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். நம் ஊரில் 1/2 இன்ச் நட்டுக்கு 13 மில்லிமீட்டரைப் போடுவார்கள். 1/2 இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். நல்ல நட்டு என்றால் சமாளிக்கும், துருப்பிடித்து இறுகியது என்றால் அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் முனை மழுங்கி உருண்டையாகிவிடும். என் பெல் ஹவுசிங்கில் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடு) மூன்று நட்டு அப்படி இருந்தன, யார் கைவரிசை என்று தெரியும், சொல்லிப் பயனில்லை. இன்னொன்று, 5/16 இன்ச் போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மரை வேறு. இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும், இறுகுகிறதே நன்றாகப் பிடிக்கிறது போல என்று முறுக்கினால் மரை போச்சு.

சைலன்சர் குழாய் சேரும் இடத்து நட்டுகளை முந்தைய நாள் காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை டீசலும் துரு ஸ்பிரேயும் விட்டு ஊறவைத்தேன். அப்படியும் ஒரு ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) முறிந்தது. முறிந்தது முறிந்ததுதான், இன்ஜின் வெளியே வந்த பிறகு லேத்தில் எடுத்துக்கொள்ளலாம். ரேடியேட்டர் தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது, பிளாக்கிலும் ஒரு டாப் இருக்கிறது, திறந்தால் ஒன்றும் வரவில்லை, துருச்சேறு அடைத்திருந்தது, கம்பியால் குத்தியதும் காபி டிகாஷன் மாதிரி அரை வாளி வந்தது. அதைத் தெருநாய் நக்காத இடத்தில் ஊற்றுங்கள், கூலன்ட் கலந்த தண்ணீர் இனிப்பாக இருக்கும், விஷம். அப்புறம் கார்புரேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று வரிசையாகக் கழற்றினோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பலர் விட்டுவிடுவார்கள், இன்ஜின் லேசாக ஆடி பக்கத்தில் இடித்தால் முதலில் உடைவது அதுதான். ஒவ்வொரு சாமானின் போல்ட்டையும் கையாலேயே அதே துளையில் இரண்டு சுற்று திருப்பி வைத்துவிட்டோம், இது பாய் வழக்கம். பை, லேபிள், டப்பா எதுவும் இல்லை. முதலில் பழைய காலத்து ஆள் என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் இதைவிட நல்ல முறை இல்லை.

அடியில் போகிற வேலைக்கு முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு. செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம். அது விரிசல் விட்டுச் சொல்லிக்கொண்டெல்லாம் உடையாது, ஒரே நொடியில் பொடியாகும். வண்டியை இடுப்பால் நாலு தடவை உலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் உள்ளே போவது. அடி வேலை முடிந்ததும், சம்ப்பை நாலு போல்ட்டில் திரும்ப மாட்டிவிட்டு, வண்டியை சக்கரத்தின் மேல் இறக்கிவிட்டோம். பின்னால் தள்ள வேண்டுமே.

இரண்டாவது ஞாயிறு, தூக்குவது.

இன்ஜின் ஹெட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தூக்குவதற்கென்றே வளையம் வைத்திருப்பார்கள். என் வண்டியில் முன் வளையம் மட்டும் இருந்தது. ராக்கர் கவர் ஸ்டட்டில் மாட்டலாமா என்று மச்சான் கேட்டதற்கு, அது தகர மூடியைப் பிடிக்கிற ஸ்டட் என்று பாய் சொன்ன தொனியில் மச்சான் அடுத்த ஒரு மணி நேரம் எதுவும் கேட்கவில்லை. பின்பக்கத்துக்கு பெல்ட் ஸ்லிங் வாங்கினேன், ஊதா நிறம் என்றால் ஒரு டன், பச்சை இரண்டு டன், விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால் பச்சையே வாங்கிவிட்டேன். அதைப் பிளாக்கின் பின்பக்க அடியில் சுற்றி, கூர்மையான ஓரம் படும் இடத்திலெல்லாம் பழைய சைக்கிள் டியூபை மடித்து வைத்தோம். நீளம் அதிகமாக இருக்கிறதே என்று ஸ்லிங்கில் முடிச்சு மட்டும் போட்டுவிடாதீர்கள், முடிச்சில்தான் அறும்.

செயினைக் குட்டையாக மாட்டினால் முக்காலி உயரம் மிச்சமாகும் என்று எனக்கு ஆசை. ஆனால் குட்டையாக மாட்டினால் கொக்கியிலிருந்து இன்ஜினின் முன்னும் பின்னும் இறங்குகிற இரண்டு கால்களும் (முக்காலியின் கால் அல்ல) அகலமாக விரியும், விரிய விரிய ஒவ்வொரு காலிலும் இழுவை கூடும். இரண்டு கால்களுக்கும் நடுவே கோணம் 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றிலும் பாரத்தில் கிட்டத்தட்ட 58 சதவீதம். 120 டிகிரி ஆனால் ஒவ்வொன்றிலும் முழுப் பாரமும். கணக்கெல்லாம் வேண்டாம், மாட்டும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு நீளமாவது ஒவ்வொரு காலும் இருந்தால் போதும்.

அடுத்து வரிசை, இதில்தான் பலர் தவறுகிறார்கள். இன்ஜினைச் சேசிஸில் தாங்குகிற மவுண்டிங்கை முதலில் கழற்றக் கூடாது. முதலில் செயின் பிளாக்கில் இன்ஜினின் பாரத்தை வாங்க வேண்டும், மவுண்டிங் ரப்பர் லேசாக மூச்சு விடுகிற அளவு, அதற்கு மேல் ஒரு பல் கூட வேண்டாம். பிறகு கியர்பாக்ஸின் முன்பக்கத்துக்கு முட்டு. வண்டி நகரப்போவதால் தரையில் ஜாக்கி வைக்க முடியாது, அதனால் பெல் ஹவுசிங்குக்கு அடியில் தடித்த கட்டை கொடுத்து, கட்டையின் இரண்டு முனையையும் சேசிஸோடு கம்பியால் முறுக்கிக் கட்டினோம், வண்டியோடு அதுவும் வரும். பிறகு பெல் ஹவுசிங் நட்டுகள், மேலே இருப்பவற்றுக்கு உள்ளே டிரைவர் சீட் பக்கத்து டனல் மூடியைக் கழற்றினால் கை போகும். கடைசியில்தான் இரண்டு மவுண்டிங்.

எல்லாம் கழற்றியாகிவிட்டது. மச்சான் செயினை இழுத்தார். இன்ஜின் ஒரு விரல் எழுந்தது, நின்றது. இன்னும் இழுத்தார். இப்போது இன்ஜின் எழவில்லை, வண்டி எழுந்தது. முன்சக்கர டயர் இரண்டும் கண்ணெதிரே உருண்டு திரண்டு தரையில் லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றன. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது என்னவென்றால், எங்கோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும் என்பதுதான், கையில் கடப்பாரையையும் எடுத்துவிட்டேன். “கீழ போடு” என்றார் பாய். செயினை விடச் சொல்லி, பாரத்தைத் திரும்ப மவுண்டிங்கில் உட்கார வைத்துவிட்டு, எல்லோரும் டீ குடியுங்கள் என்றார். அந்த நிலையில் நெம்பி, மாட்டிக்கொண்டிருந்தது சட்டென்று விட்டிருந்தால், இழுவையில் இருந்த மொத்தமும் என் பக்கம் துள்ளியிருக்கும். டீ குடித்துவிட்டு வந்து இன்ஜினைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே போனேன், கண்ணால் பார்க்கவில்லை, விரலால் மட்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு பிசுக்காக, சேசிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டை. பின்னல் கம்பிப் பட்டை, ஒரே ஒரு போல்ட். எண்ணூறு கிலோ வண்டியின் மூக்கைத் தூக்கியது அதுதான்.

பின்னால் விசாரித்தால், இன்ஜின் இறக்கிய எல்லோரும் ஒரு தடவையாவது இந்த எர்த் பட்டையில் மாட்டியிருக்கிறார்கள். இப்போது எனக்கு ஒரு பழக்கம்: தூக்குவதற்கு முன் இன்ஜினை ஒரு முழுச் சுற்று விரலால் தடவுவது, ஒருவர் முடித்ததும் இன்னொருவர் அதையே செய்வது. இரண்டாவது ஆள் அதுவரை வேலை செய்யாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

அதன் பிறகு வண்டியைப் பின்னால் தள்ளுவது. ஷாஃப்ட் கிளட்ச்சிலிருந்து வெளியே வர அரைச் சாண் தூரம்தான், ஆனால் அந்த அரைச் சாணும் நேராக வர வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு நாலு பேர் சேர்ந்து தள்ளினால் அரைச் சாண் எங்கே, அரை மீட்டர் ஒரே மூச்சில் போய்விடும். பாய் யாரையும் தள்ள விடவில்லை. நானும் மச்சானும் ஆளுக்கொரு முன்சக்கரத்தைக் கையால் பிடித்து உருட்டினோம், பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு விரற்கடை விட்டுக் கட்டை, போனதும் கட்டையை இன்னொரு விரற்கடை தள்ளி வைப்பது. பாய் பெல் ஹவுசிங்குக்கும் இன்ஜினுக்கும் இடையே திறக்கிற இடைவெளியை மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே அதிகம் திறந்தால் இன்ஜினின் பின்பக்கத்தை ஒரு பல் இறக்கு, கீழே அதிகம் என்றால் தூக்கு. இந்த அரைச் சாணுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஷாஃப்ட் வெளியே வந்தபோது சத்தமே இல்லை, இன்ஜின் மட்டும் லேசாகத் திரும்பி, தொங்குகிற பொருள் எப்படி ஆடுமோ அப்படி ஆடியது. மச்சான் சட்டென்று கையை நீட்டினார் பிடிக்க. கை வேண்டாம் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம், அதற்காகவே ஆளுக்கொரு சவுக்குக் கட்டை வைத்திருந்தோம், ஆனாலும் கை தானாகப் போகும். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் விரல் போனால் விரல் இல்லை.

வண்டி முழுக்கப் பின்னால் போனதும், கீழே பழைய லாரி டயரைப் போட்டு அதன் மேல் இன்ஜினை இறக்கினோம். சம்ப் வெறும் தகரம், தரையில் நேராக வைத்தால் நசுங்கும், டயரில் வைத்தால் உருளவும் உருளாது. டயரில் உட்கார்ந்ததும் செயினைக் கழற்றிவிடாமல், தளர்வாக மாட்டியபடியே ஒரு பத்து நிமிடம் விட்டு வைத்தோம், சாயவில்லை என்று உறுதியான பிறகுதான் கழற்றினோம்.

கிளட்ச்சைப் பிரிக்கும் முன் பாய் கேட்டது ஈரத் துணி. மச்சான் காற்றடிக்க கம்ப்ரசர் எடுத்து வந்திருந்தார், அதைத் திருப்பி அனுப்பினோம். பழைய வண்டிகளின் கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தக் கறுப்புத் தூளை ஊதினால் நேராக நுரையீரலுக்கு. நனைத்துத் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுவதுதான் சரி. பிளேட்டை எடுத்து மேஜையில் படுக்க வைத்தால் ஒரு பக்கம் தூக்கி நின்றது. நடுவில் இருக்கிற ஹப் சாய்ந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷ உதறல். நான் ஒன்றும் சொல்லவில்லை, பாய் அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “எடுக்கும்போது எல்லாரும் ஜாக்கிரதையாத்தான் இருப்பான், வைக்கும்போது வீட்டுக்குப் போற நேரம் ஆயிடும்” என்றார். பெல் ஹவுசிங்கை நேராக உட்கார வைக்கும் டவல் போல்ட்டுகளில் ஒன்றும் காணோம், அதற்குப் பதில் சாதாரண போல்ட் ஒன்று லொடலொடவென்று கிடந்தது.

இப்போது கிராங்க் கிரைண்டிங்குக்குப் போயிருக்கிறது, உரசிய முகத்தைச் சீர் செய்து அதற்கேற்ற தடிமனில் திரஸ்ட் வாஷர் போட வேண்டும். எண்ணெய்க் கோடு வெட்டியிருக்கிற பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் மறுபடி இதே கதை. புது எர்த் பட்டை வாங்கிவிட்டேன், திரும்ப வைக்கும்போது பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டும் புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் கிடைத்தது. வைக்கிற வேலையை மதியத்துக்கு மேல் தொடங்குவதில்லை என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன். முக்காலி இன்னும் வாசலில்தான் நிற்கிறது, நாலு நாளைக்கு என்று வாங்கியது, போர் ஆட்கள் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள்.